துடைப்பத்துக்கு வந்த மரியாதை

ஜொகூர் பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். மனிதனின் குணம் மாற அந்தத் தூரம் போதும். சிங்கப்பூர் பக்கம் உட்லண்ட்ஸில் சிகரெட் துண்டைக் கையில் பிடித்தபடி தொட்டி தேடிய அதே அண்ணன், ஜொகூர் பாருவில் வண்டியை நிறுத்தியதும் அதைச் சாக்கடைக்குச் சுண்டிவிடுகிறார்.

குப்பை போட்டவர் கையில் துடைப்பத்தைக் கொடுக்கும் வழக்கம் சிங்கப்பூரில் 1992இலேயே வந்துவிட்டது. மலேசியாவில் நமக்கு 2026 ஜனவரி 1 வரை ஆனது. இப்போது 2,000 ரிங்கிட் வரை அபராதம், கூடவே 12 மணி நேரம் வரை சமூக சேவை. அபராதம் என்றபோது யாரும் அசரவில்லை. சாலை கூட்டுவதை யாராவது கைப்பேசியில் படம் பிடிப்பார்களே என்றதும்தான் முகம் கறுத்தது.

சாக்குகள் மட்டும் தீரவில்லை. "தொட்டி எங்கே இருக்கு?" என்கிறார் ஒருவர். நியாயம்தான். ஆனால் ஐஸ் தே நிறைந்த பையை விரலில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியவருக்கு, காலிப் பை பத்தடிக்குமேல் கனக்கிறது. "முதலில் பெரிய ஆளைப் பிடியுங்க" என்பது அடுத்தவர் கட்சி. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டி, 111 பள்ளிகளை மூடவைத்த கதையைச் சொல்கிறார். சொல்லிக்கொண்டே நாசி லெமாக் பொட்டலத் தாளைக் கீழே விடுகிறார்.

மூன்றாமவர் கருணைக் கடல். நாம் போடாவிட்டால் கூட்டுகிறவருக்கு வேலை போய்விடுமாம். தீயணைப்புப் படையினரின் பிழைப்புக்காக இவர் தம் வீட்டை என்றைக்குக் கொளுத்தப்போகிறார் என்று தெரியவில்லை.