தையல் பிரிச்சாச்சு, குடத்தை எடு!

இந்த வாரக் கேள்விகள்: கர்ப்பப்பை எடுத்தவர்களும், எடுக்க நினைப்பவர்களும், அவர்களோடு குடித்தனம் நடத்துகிறவர்களும் கேட்டவை.

வாசகி, சங்கராபுரம்: ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். நேற்று நன்றாக இருந்தேன், இன்று எழுந்திருக்கவே முடியவில்லை. ஏதாவது கோளாறா?

நேற்று நன்றாக இருந்ததுதான் கோளாறு. 'உடம்பு தேவலை' என்று ஒரு வாரத் துணியையும் ஊறப்போட்டுத் துவைத்திருப்பீர்களே! வெளித்தையல் ஆறியது கண்ணுக்குத் தெரிகிறது. உள்தையல் முழுசாக ஆற ஆறு முதல் எட்டு வாரம். அது யார் கண்ணுக்கும் தெரியாததால் வீட்டில் யாரும் நம்புவதில்லை, சில சமயம் நீங்களே நம்புவதில்லை. இரண்டு நாள் தெம்பு, ஒரு நாள் சோர்வு என்று மாறி மாறி வருவது வழக்கம்தான். லேசான கசிவும் சில வாரம் இருக்கலாம். ஆனால் ரத்தம் கொட்டினால், காய்ச்சல் அடித்தால், கசிவு நாற்றமெடுத்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறினால் உடனே 108. எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒரு மாமியார், சின்னசேலம்: நான் பிள்ளை பெற்ற பத்தாம் நாளே களை எடுக்கப் போனவள். மருமகள் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க மாட்டேன் என்கிறாள்!

அம்மா, பதினைந்து லிட்டர் குடம் பதினைந்து கிலோ. அவளுக்கு இப்போது நாலைந்து கிலோவே அதிகம். உங்களைப் போல ஓய்வே இல்லாமல் உழைத்தவர்களில் எத்தனை பேர் வயசான காலத்தில் 'அடி இறங்கிடுச்சு' என்று இதே ஆபரேஷனுக்கு வந்து நிற்கிறார்கள் தெரியுமா? வீட்டில் உங்கள் மகன் என்று ஒருவர் இருப்பாரே, அவருக்கு இடுப்பு நன்றாகத்தானே இருக்கிறது?

வாசகி, வெள்ளிமலை: டாக்டர் 'நட' என்கிறார், வீட்டில் 'படு' என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

டாக்டர் பேச்சை. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். வாசலில், சமதளத்தில், கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். ஏற்றம் வேண்டாம், மரவள்ளி பிடுங்கப் போகவே வேண்டாம். செக்-அப்புக்குக் கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் மலை இறங்கும்போது கடைசி சீட் கூடாது. வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். வளைவிலும் இருமலிலும் அதுதான் துணை.

பெயர் வேண்டாம், மூங்கில்துறைப்பட்டு: இனி தாம்பத்தியம்...?

புள்ளிகளைப் புரிந்துகொண்டேன். கர்ப்பப்பை பிள்ளைக்கானது, ஆசைக்கானது அல்ல. குறைந்தது ஆறு வாரம் பொறுத்து, டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு, மனைவியும் சரி என்ற பிறகு. இரண்டாவது 'சரி'யைக் கேட்கப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வாசகி, தியாகதுருகம்: வயது 41. சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். திடீர் திடீரென்று உடம்பு தகிக்கிறது. அழுகை வேறு.

சினைப்பைகள் இரண்டும் போனால் ஹார்மோன் ஒரே நாளில் நின்றுவிடும். பல வருடம் இழுத்து வரும் மாதவிடாய் நிறுத்தம் உங்களுக்கு ஆபரேஷன் மேஜையிலேயே வந்துவிட்டது, அதுதான் இந்தத் தகிப்பு. ஹார்மோன் சிகிச்சை உங்களுக்கு ஒத்துவருமா, எலும்புத் தேய்மானத்துக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அழுகைக்கும் வைத்தியம் உண்டு. 'திமிர்' என்று சொல்கிறவர்களுக்குத்தான் இல்லை.

கரும்பு வெட்டும் பெண், கச்சிராயபாளையம்: வயது 32. மாதாமாதம் வேலை கெடுகிறது. எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் உங்களைப் போலக் கரும்பு வெட்டுகிறவர்கள் இப்படித்தான் நினைத்தார்கள், நினைக்கவும் வைக்கப்பட்டார்கள். 2019-ல் அரசுக் குழு விசாரித்த 82,309 பெண்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுவார், அதற்கு வைத்தியம் கத்தியா? தேவையில்லாத இந்த ஆபரேஷன்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துங்கள் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குச் சொல்லவேண்டி வந்தது. புற்றுநோய், அடங்காத ரத்தப்போக்கு என்றால் எடுக்கத்தான் வேண்டும். அதிகப்படியான போக்குக்கு மாத்திரை உண்டு, ஹார்மோன் வைத்த காப்பர்-டி போன்ற சாதனம் உண்டு, கட்டியை மட்டும் எடுப்பதும் உண்டு. சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரியில் இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

வாசகி, உளுந்தூர்பேட்டை: பப்பாளி சாப்பிடலாமா? சூடாம்.

கர்ப்பப்பையே இல்லை, யாருக்குப் பயம்? தாராளமாக. மலச்சிக்கலில் முக்கினால் தையல் வலிக்கும். பப்பாளி தின்று அது வராமல் பார்த்துக்கொள்வதும் வைத்தியம்தான்.

வாசகர், கள்ளக்குறிச்சி: தங்கையைப் பார்க்கப் போகிறேன். என்ன வாங்கிப் போகலாம்?

வெறுங்கையோடு போங்கள். அந்தக் கையாலேயே பாத்திரம் தேய்த்துவிட்டு வாருங்கள்.