வீட்டில வாசிச்சுக்கங்க

புத்தளத்து மாம்புரிப் பிள்ளைகளின் பொது அறிவைக் குறைசொல்ல முடியாது. கச்சான் காற்று எழும்பினால் கரையோரக் காற்றாடிகள் எப்படி மின்சாரம் எடுக்கும் என்று சொல்வார்கள். பக்கத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் எதை எரிக்கிறது, அதன் தூசி யார் வீட்டுக் கொடியில் காயும் துணியில் படிகிறது என்பதும் தெரியும். விஞ்ஞான வகுப்பில் செவ்வரத்தம்பூவை நெடுக்காகக் கிழித்து, கேசரம் இது, சூலகம் இது, மகரந்தம் இப்படித்தான் போய்ச் சேரும் என்று கூச்சமில்லாமல் ஒப்பிப்பார்கள். பூவின் குடும்ப வாழ்க்கையில் நம் பாடசாலைக்கு ஒளிவுமறைவே கிடையாது. பாடம் மனிதனிடம் வந்து சேரும்போதுதான் டீச்சருக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொள்ளும். "அந்தப் பாடத்தை வீட்டில வாசிச்சுக்கங்க."

வீட்டில் கேட்டால், "அதெல்லாம் ஸ்கூல்ல சொல்லித் தருவாங்க, வாயை மூடு." பாடசாலை வீட்டைக் காட்டும், வீடு பாடசாலையைக் காட்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது தெரு. தெருவில் கழுதைகள். கற்பிட்டிக் குடாநாட்டில் கட்டாக்காலியாகத் திரியும் அந்தச் சீவன்கள், கல்வி அமைச்சின் சுற்றறிக்கைக்குக் காத்திராமல், பட்டப்பகலில், பாடசாலை விடும் நேரம் பார்த்துச் செய்முறை வகுப்பை நடத்தி முடித்துவிடுகின்றன. கன்னங்கரா கனவு கண்ட இலவசக் கல்வி இந்த ஒரு பாடத்தில்தான் குறைவின்றி நிறைவேறியிருக்கிறது. கழுதை விட்ட மிச்சத்தைக் கைப்பேசியும், பஸ்ஸின் பின்சீட்டும், மீன்வாடியில் இரவு தங்கும் அண்ணன்மாரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த ஆசிரியர்களின் தகுதி என்ன என்று எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் யாரும் எழுந்து கேட்டதில்லை. டீச்சர் வாயைத் திறந்தால் மட்டும் மனு போகும்.

நாடு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். தரம் 7 பிள்ளைகளுக்கென்று கல்வி அமைச்சு ஒரு புத்தகமே தயாரித்தது: 'ஹத்தே அபே பொத்த'. பருவமாற்றத்தில் உடம்புக்கு என்ன நடக்கிறது, தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்று பிள்ளைக்குச் சொல்லும் நூல். 2020 தொடக்கத்தில் பிக்குமார் சிலர் பண்பாடு அழிகிறது என்று கிளம்பினார்கள். தேர்தல் ஆண்டு. அரசாங்கம் புத்தகத்தை நிறுத்தியது. பண்பாடு பிழைத்தது.

அதே ஆண்டு மார்ச்சில் கொரோனா வந்து பாடசாலைகளைப் பூட்டியது. "இனிப் பாடம் போனில்" என்றார்கள். தோடு அடகுக்குப் போனது, போன் வீட்டுக்கு வந்தது, சிக்னல் தேடிப் பிள்ளைகள் மரத்தில் ஏறினார்கள். துறை தெரிந்தவர்கள் பார்த்துப் பார்த்து எழுதிய நாலு பக்கத்தை நஞ்சென்று பறித்த அதே கை, உலகத்தின் அத்தனை ஆபாசமும் கொள்ளும் பெட்டியைப் பிள்ளையின் கையில் வைத்து, "கவனமாகப் படி ராசா" என்றது. அன்றைக்கு எந்த விகாரையிலும் மணி அடிக்கவில்லை. எந்தக் கோயிலிலும், பள்ளிவாசலிலும், தேவாலயத்திலும் கண்டனக் கூட்டம் கூடவில்லை.

அடுத்த கூத்து 2026 ஜனவரியில். தரம் 6 ஆங்கிலப் பாடத்தொகுதி ஒன்றில் பிள்ளைகளுக்குப் பொருந்தாத இணையத்தளம் ஒன்றின் முகவரி அச்சாகிவிட்டது. பிழைதான், அச்சுக்கு முன் ஒருவராவது வாசித்திருக்க வேண்டும். தேசிய கல்வி நிறுவகத்தின் தலைமை விலகி நின்றது. தரம் 6 சீர்திருத்தம் முழுவதும் 2027க்குத் தள்ளிப்போனது. மகிழ்ச்சி. ஆனால் அந்த முகவரியை நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியம் பாடநூலுக்குப் போகாது, கண்டித்தவர்களுக்கே போகும். உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் திறந்து பார்த்தோம் என்பார்கள். தரம் 6 பிள்ளை அப்படிச் சொன்னால் முதுகில் விழும். ஓர் ஆங்கிலப் பாடத்தின் பிழை, பாலியல் கல்வி என்ற பேச்சையே இன்னும் பல வருடம் குழிதோண்டிப் புதைக்கப் போதுமானதாயிற்று.

இப்போது வயதுக்கு வருவோம். தரம் 7 என்றால் பன்னிரண்டு வயது. அந்தப் பன்னிரண்டை நாம் எவ்வளவு நாகரிகமாக நடத்துகிறோம் பாருங்கள்.

பிள்ளை பெரியபிள்ளையானால் தமிழர் வீட்டிலும் சிங்களவர் வீட்டிலும் நாள் பார்த்து, தண்ணீர் வார்த்து, பந்தல் போட்டு, லவுட்ஸ்பீக்கர் கட்டி, படம் போட்ட பதாகையைச் சந்தியில் தொங்கவிட்டு, ஊருக்கே அறிவிக்கிறோம். மாமன்மார் மோதிரம் போடுகிறார்கள். வீடியோக்காரன் கிட்டப்போய் எடுக்கிறான். அவளுடைய கருப்பை இன்ன கிழமை வேலை தொடங்கிவிட்டது என்று பால்காரனுக்கும் தெரியும். அந்தக் கருப்பை எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை; அது கூடாத பேச்சு. அரசாங்கமும் தன் பங்குக்கு மொய் எழுதியது: இறக்குமதி நப்கின் மீது 2018 வரை 101.2 சதவீத வரி. அவள் உடம்பைப் பற்றி வரித் திணைக்களத்துக்கு இருந்த தெளிவு பாடநூலுக்கு இருந்ததில்லை.

சட்டத்துக்கு அதைவிடத் தெளிவு. 1995இல் பொதுச் சட்டம் திருமண வயதைப் பதினெட்டாக்கியது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்படி பன்னிரண்டுக்குக் கீழே என்றால்தான் காதி நீதிபதியின் அனுமதி வேண்டும். மணமகளின் கையொப்பம் எந்த வயதிலும் கட்டாயமில்லை. இது அந்தச் சமயத்தவர் விவகாரம் என்று மற்றவர்கள் கைகழுவ வேண்டாம். தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். பதினாறுக்குக் குறைந்த பெண்ணோடு உறவு கொண்டால், அவள் சம்மதித்தாலும் வல்லுறவு. ஆனால் அவள் பன்னிரண்டைத் தாண்டிய மனைவியாக இருந்து, நீதிமன்றம் பிரித்துவைக்காதவளாகவும் இருந்தால் குற்றமில்லை. இதைக் காதி எழுதவில்லை. நாட்டின் நாடாளுமன்றம் எழுதியது. 'ஹத்தே அபே பொத்த'வுக்கு எதிராகக் கொதித்த ஒரு வாய்கூட இந்த வரியைக் கண்டு கொதித்ததாக நான் கேள்விப்படவில்லை.

முஸ்லிம் விவாகச் சட்டத்தை மாற்றுங்கள் என்று முன்னால் நின்று கேட்டவர்களில் புத்தளத்து முஸ்லிம் பெண்களும் உண்டு. காதியின் முன் தங்கள் கதையைச் சொல்லிச் சொல்லி அலுத்தவர்கள். அவர்களுக்காக 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை 2018இல் வந்தது. குழு அமைத்த வருடம் பிறந்த பெண்பிள்ளை 2021இல் பன்னிரண்டைத் தொட்டாள். அறிக்கைதான் வயதுக்கு வரவில்லை.

இனி அவள் மனைவியாகிவிட்டாள் என்று வையுங்கள். அன்றைக்கே அரசாங்கத்தின் நாக்கு அவிழ்ந்துவிடுகிறது. குடும்ப நல மாது வீடு தேடி வருவார். மாதவிலக்குத் திகதி கேட்பார், இடைவெளி விடுவது எப்படி என்று சொல்வார், ஊசி, மாத்திரை, உறை எல்லாம் மேசையில் வைத்து விளக்குவார். உலகமே மெச்சும் தாய்சேய் நலச் சேவை நம்முடையது. அந்தப் பெண்களின் உழைப்புக்குத் தலைவணங்க வேண்டும். கேள்வி அவர்களிடம் அல்ல. வகுப்பு மேசையில் அசிங்கமாக இருந்த அதே விடயம், கிளினிக் வாங்கில் எப்படிப் புனிதமானது? வயது மாறவில்லை, உடம்பு மாறவில்லை. புருஷன் ஒருவன் வந்தான், அவ்வளவுதான். அதாவது பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்வதற்கு ஓர் ஆண் உரிமையாளர் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாமல் வயிறு வந்தால், பாடசாலைப் பெயர்ப்பட்டியலில் அவள் பெயருக்குக் கோடு. அவன் அடுத்த வருடம் கிரிக்கெட் அணிக்குத் தலைவன். கருவைக் கலைக்க நினைத்தால் 1883ஆம் ஆண்டுச் சட்டம் காத்திருக்கிறது: தாயின் உயிர் போகும் நிலை வந்தால் மட்டும்.

சரி, உலகத்தின் தராதரம் என்ன அத்தனை பயங்கரமா? சுவீடன் 1955இலேயே கட்டாயப் பாடமாக்கியது. யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி ஐந்து வயதிலிருந்தே படிப்படியாகப் பிரித்துத் தருகிறது. கீழ்ப்படியில் இருப்பது என்ன தெரியுமா? உன் உடம்பு உன்னுடையது. பிடிக்காமல் தொட்டால் வேண்டாம் என்று சொல். நம்பிக்கையான பெரியவரிடம் போய்ச் சொல். இதைக் கண்டுதான் நம் காவலர்கள் நடுங்குகிறார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே நடுக்கம்: 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று வரிசையாகத் தடை.

நடுங்க அவர்களுக்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் மீது கைவைத்த வழக்குகளில் கூண்டில் ஏறியவர்களைப் பாருங்கள்: உறவினர், அயலவர், ஆசிரியர், எல்லாச் சமயத்திலும் காவி, அங்கி, தொப்பி போட்டவர்கள். பிள்ளை வாய் திறக்கப் பழகினால் யாருக்கு நட்டம் என்பதைக் கணக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சொல்லித் தராத பிள்ளையைத்தான் பிறகு பொலிசும், சட்ட வைத்திய அதிகாரியும், வழக்கறிஞரும் நிற்கவைத்து, எங்கே தொட்டான், எப்படித் தொட்டான், எத்தனை தடவை என்று கேட்கிறார்கள். வகுப்பில் கேட்கக்கூடாத கேள்விகள் குறுக்கு விசாரணையில் பிள்ளையிடம் கேட்கலாம். அதற்கு எந்தப் பண்பாடும் குறுக்கே நிற்காது.

ஆகவே பண்பாட்டுக் காவலர்களிடம் ஒரு கோரிக்கை. பாலியல் கல்வி வேண்டாம் என்று மேடை ஏறுங்கள், தாராளமாக. ஆனால் பன்னிரண்டு வயது சின்ன வயது என்று நீங்கள் சொல்வது உண்மையானால், அதே மேடையில், அதே தொண்டையில், 363இல் உள்ள அந்த வரியை வெட்டு என்றும் கத்துங்கள். சந்தியில் தொங்கும் பதாகையைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்குப் புத்தகம் கொடுக்க வயது போதாதென்றால், அவளைப் புருஷனிடம் கொடுக்கவும் வயது போதாது. முதலாவதற்கு மட்டும் சத்தம் போட்டு இரண்டாவதற்கு வாய்மூடிக் கிடப்பவன் பிள்ளையைக் காக்கவில்லை. அவளை இருட்டில் வைத்து, விலை பேச வருகிறவனுக்குக் கதவு திறந்துவிடுகிறான்.