மூச்சை இழுத்துப் பிடியுங்கள், முதலாளி பேசுகிறார்

பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி போர்த்திய கட்டடம் ஒன்றில், 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி' என்று ஒரு பயிற்சி. நாள்: சனிக்கிழமை. வருகை: கட்டாயம். வராதவர்கள் மேனேஜருக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். ஐந்து நாள் அரைத் தூக்கத்தில் ஓடியவனை ஆறாம் நாளும் எழுப்பிக் கூட்டிவந்து, 'நன்றாகத் தூங்குங்கள்' என்று சொல்ல ஒரு நிபுணர். அவருக்குக் கட்டணம், ஊழியனுக்கு ஒரு வாழைப்பழம், ஒரு கப் க்ரீன் டீ, உள்ளங்கையில் வைத்துப் பிசைய ஒரு ரப்பர் பந்து. நான்கு எண்ணி மூச்சை இழுங்கள், நான்கு எண்ணி நிறுத்துங்கள். மூன்றாவது எண்ணிக்கையில் பின்வரிசையில் போன் அதிர்கிறது. க்ளையன்ட் கால். பையன் குனிந்தபடி வெளியே ஓடுகிறான். இழுத்த மூச்சை விட்டானா என்று யாரும் பார்க்கவில்லை.

இதைவிட மலிவான வைத்தியம் உலகத்தில் கிடையாது. மூன்று பேர் வேலையை ஒருவன் தலையில் கட்டுவது. மிச்சமான இரண்டு சம்பளத்தை லாபக் கணக்கில் எழுதுவது. அவன் கழுத்து வலிக்கிறது என்றால், 'உனக்கு நிமிர்ந்து உட்காரத் தெரியவில்லை' என்பது. மனச்சோர்வு உண்மை, அதற்கு மருத்துவரும் மருந்தும் உண்டு, டெலி மானஸ் 14416 என்று அரசின் இலவச எண்ணும் உண்டு. தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் கூப்பிடட்டும். என் ஆத்திரம் அங்கே இல்லை. அடிக்கிற கையே களிம்பும் விற்கிறதே, அங்கே இருக்கிறது.

2024 ஜூலையில் புனேயில் 26 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். சி.ஏ. முடித்து, பெரிய தணிக்கை நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதம். வேலைச்சுமைதான் மகளைக் கொன்றது என்று தாய் நிறுவனத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். இரவில் வேலை சொல்ல ஆள் இருந்தது, மாலை வைக்க ஆள் இல்லை. அந்தச் செப்டம்பரில் சென்னையில் ஒரு கல்வி நிறுவன விழாவுக்கு வந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இதை எடுத்துக்கொண்டு, நெருக்கடியைத் தாங்கும் உள்வலிமையை வீடு பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும், அது தெய்வ நம்பிக்கையால்தான் வரும் என்ற பொருளில் பேசினார். கண்டனம் கிளம்பியதும், யாரையும் குறை சொல்லவில்லை என்று விளக்கம் வந்தது. அம்மா, யாரையும் குறை சொல்லவில்லை என்பதுதான் குறை. பாரத்தைச் சாமிமேல் போடு என்று பாட்டி சொன்னால் ஆறுதல். சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் அரசு சொன்னால் அதற்குப் பெயர் கைகழுவல்.

கைகழுவத் தண்ணீர் ஊற்றப் பெரிய மனிதர்கள் வரிசையில் நிற்கிறார்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கட்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். கணக்குப் போட்டுவிடுவோம். வாரத்துக்கு 168 மணி. அவர் கேட்ட 90 போனால் 78. தினம் ஏழு மணி நேரத் தூக்கம் 49, மிச்சம் 29. தாம்பரத்திலிருந்தோ ஆவடியிலிருந்தோ போகவர தினம் மூன்று மணி, ஆக 21. கையில் நிற்பது எட்டு மணி நேரம், ஒரு வாரத்துக்கு. நாளொன்றுக்கு எழுபது நிமிடம்கூட வராது. அதில் பல் விளக்க வேண்டும், குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், காஸ் புக் பண்ண வேண்டும், அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்க வேண்டும். கவலையே வேண்டாம் ஐயா, மனைவி முகம் ஆதார் அட்டையில் இருக்கிறது, பார்த்துக்கொள்கிறோம். 2023-24இல் அவருடைய ஊதியம் சுமார் 51 கோடி ரூபாய். அந்த நிறுவன ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப்போல 534 மடங்குக்கும் மேல். 90 மணி நேரத்தை அவர் இந்த 534ஓடு பெருக்கிப் பார்த்தாரா தெரியாது.

இந்த எழுபது நிமிடத்தில் நட்பு வேறு. காலேஜில் ஒரே தட்டில் பரோட்டா பிய்த்துத் தின்ற ஐந்து பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். 'மச்சான், இந்த மாசம் கண்டிப்பா மீட் பண்றோம்டா' என்று ஒருத்தன் போடுவான். மூன்று தம்ஸ் அப் விழும். அவ்வளவுதான் சந்திப்பு. அடுத்த மாதம் வேறொருவன் அதையே போடுவான். ஒருவனுக்கு வேலை போனதை லிங்க்ட்இன் பார்த்துத் தெரிந்துகொள்கிற நண்பர்கள் இவர்கள். இவர்களுக்குத்தான் அலுவலகம், 'மனம் விட்டுப் பேச நல்ல நண்பர்களை வைத்துக்கொள்ளுங்கள்' என்று மின்னஞ்சல் அனுப்புகிறது, இரவு 11.40க்கு.

திராவிட மாடலை விட்டுவைப்பானேன்? 2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைகளில் நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று தேன் தடவிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெற்றார். எட்டு மணி நேரத்துக்காக உயிர்விட்டவர்களின் நாளில், எட்டு மணி நேரத்தைப் பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்ததற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார்கள்.

ரப்பர் பந்துகூடக் கிடைக்காதவர்கள் தி.நகரில் நிற்கிறார்கள். 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம் என்கிறது. காலையில் ஷட்டர் தூக்கும்போது நிற்கும் பெண், இரவு ஷட்டர் இறங்கும்போதும் நிற்கிறாள். தென்மாவட்டத்திலிருந்து வந்த பிள்ளை, விடுதிச் சாப்பாடு. கழிப்பறைக்குப் போனால் சூப்பர்வைசர் கடிகாரம் பார்ப்பார் என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. 'இன்னும் வேற கலர் காட்டும்மா' என்று நாம் நாற்பதாவது புடவையை விரிக்கச் சொல்கிறோம்; நமக்கு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள்.

இப்படி நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2018இல் கேரளம் சட்டம் போட்டது. 2021இல் தமிழகமும் அதே கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து எல்லா ஊழியருக்கும் இருக்கை தரச் சொன்னது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு வந்தால் பயன்படுத்திக்கொள்வதற்காக என்றும் அதில் இருக்கிறது. வாய்ப்பை யார் தருவது? சூப்பர்வைசர். ஆடித் தள்ளுபடியில் வாய்ப்பு வராது, தீபாவளிக்கு வராது, பொங்கலுக்கு வராது, முகூர்த்த நாளில் வராது. ஆள் இல்லாத மதியத்தில் உட்கார்ந்தால், 'சும்மா இருக்கிறதுக்கா சம்பளம்? அந்த ரேக்கை மடிச்சு அடுக்கு' என்று வரும். நான் பார்த்த கடையில் மாடிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கத்தான் செய்தது. அதன்மேல் விலைச்சீட்டு ஒட்டாத ஜாக்கெட் பிட்டுகள் ஒரு கட்டு உட்கார்ந்திருந்தது. யாராவது ஆய்வாளர், இங்கே இருக்கை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு படியேறி வந்தால், அந்தக் கட்டை இறக்கிவிட்டுத் துடைத்து, 'உட்காருங்க சார்' என்று அவருக்குத்தான் போடுவார்கள். போடுகிறவளும் அந்தப் பெண்தான், நின்றுகொண்டு.