முக்காற்புள்ளி மகாத்மியம், அல்லது ஷெல்லின் அகக் கட்டளைகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

நூலொன்றை ஆராயப் புகுவோர் அந்நூலைத் தவிர மற்றெல்லாவற்றையும் முதலில் ஆராய்ந்து முடிக்க வேண்டும் என்பது நம் வித்துவான்களிடையே நிலைபெற்ற சம்பிரதாயம். ஆதலால், கணினியின் கறுப்புத் திரையில் எழுத்தால் இடப்படும் கட்டளைகளையும், அவற்றை விரைந்து இடுவதற்கென விசைப்பலகையில் அமைந்த சுருக்குவழிகளையும் பற்றிப் பேச வந்த இக்கட்டுரையும், முறை பிறழாது, நிலத்திலிருந்தே தொடங்குகிறது.

நிலமாவது, ஆசிரியன் வாழும், மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலை. 1885 இல் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் இப்பகுதியை அளக்க வந்தார்; 1929 இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். தமிழர் வந்து கொழுந்து கிள்ளினர். மலையும் மலை சார்ந்த இடமுமாதலால் இது குறிஞ்சி என்பதில் சந்தேகமில்லை. குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். இங்கே கம்பளியைக் கேட்டால் ஆண்டு முழுவதும் அவ்விரண்டுமே என்று சொல்லும். சிறுபொழுது யாமம், கட்டளை வரியைக் கட்டிக்கொண்டு அழுவோர் விழித்திருக்கும் பொழுதும் அதுவே. ஆகவே கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் குறிஞ்சித் திணைக்குரியது என்பது நிரூபணமாயிற்று. யூனிக்ஸின் முதல் ஷெல்லைக் கென் தாம்சன் 1971 இல் எழுதியது அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அல்லவா என்று ஆட்சேபிப்போர்க்கு விடை அடுத்த பதிப்பில் வரும்.

ஏனைய திணைகளும் ஷெல்லில் இல்லாமற் போகவில்லை. பாதி எழுதிய பெயரின் பின் டேப் விசையைத் தட்ட, மீதிப் பெயர் ஓடிவந்து ஒட்டிக்கொள்வது குறிஞ்சியின் புணர்தல். கட்டளை முடியும்வரை காத்திருத்தல் முல்லை. ஓடுகிற வேலையைக் கண்ட்ரோல்-இசட் தட்டி நடுவழியில் நிறுத்திவிட்டு வேறு காரியம் பார்க்கப் போவது பாலையின் பிரிதல். ‘எஃப்ஜி’ என்றழைத்தால் பிரிந்தது மீண்டு வரும். அனுமதி இல்லை என்று கணினி முகத்தைத் திருப்பிக்கொள்வது மருதத்தின் ஊடல். தவறான கோப்பை அழித்த பின் நிகழ்வது நெய்தல். அதற்கு உரை வேண்டியதில்லை.

இனிக் கட்டளைகள் அகம், புறம் என இருவகைப்படும். தோட்டத்தில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டை அறிந்தவர்க்கு இதன் சூக்ஷ்மம் எளிதில் விளங்கும். ஷெல் என்பது கங்காணி. புறக் கட்டளை என்பது, கங்காணி லயங்களை வரிசையாகத் தேடி, பேர் சொல்லி ஆளை அழைத்து, வேலையைக் கொடுத்து அனுப்புவது. எந்த லயத்துக்குப் பின் எந்த லயம் என்று எழுதி வைத்த குறிப்பே ‘பாத்’ எனப்படும். அகக் கட்டளையோ கங்காணி தானே செய்யும் வேலை. இருக்கும் அடைவிலிருந்து வேறோர் அடைவுக்குப் பெயரும் ‘சிடி’ என்பது ஏன் அகமாயிற்று என்பதை இதனால் உணரலாம்: இம்மலையின் ரிங்லெட் ஊருக்கு ஆளை அனுப்பினால் ஆள் ரிங்லெட் போய்ச் சேர்வான், அனுப்பிய கங்காணியோ தானா ராத்தா ஊரில் நின்ற இடத்திலேயே நிற்பார், கங்காணி இடம் மாற வேண்டுமானால் அவர் கால்தான் நடக்க வேண்டும். ஷெல் தோற்றுவிக்கும் வேறொரு செயல்முறை தன் இருப்பிடத்தை மாற்றிக்கொள்ளலாம். தன்னைப் பெற்றதன் இருப்பிடத்தை மாற்ற அதற்கு அதிகாரம் இல்லை.

ஓடும் வேலையை ஒழிக்கும் ‘கில்’ அகத்திலும் வைக்கப்பட்டதற்கு உள்ள காரணங்களுள் ஒன்று கருணை: புதிய ஆள் எடுக்க இயலாதபடி வரம்பு நிறைந்துவிட்ட வேளையிலும், மிகுந்ததைக் கழிக்கக் கங்காணி ஒருவரே போதும். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் ‘எக்கோ’ அகத்திலும் உண்டு, புறத்திலும் உண்டு. இதனை அகப்புறம் என்பதா புறவகம் என்பதா என்பதில் இரண்டு முனைவர் பட்டங்களுக்கு இடம் இருக்கிறது.

சுருக்குவழிகள் நகர்த்துவன, நறுக்குவன, நிறுத்துவன என மூன்று. 1989 இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பாஷ் ஷெல்லில், கண்ட்ரோலுடன் ஏ தட்டினால் வரியின் தலைக்கும், இ தட்டினால் வாலுக்கும் நகரலாம். டபிள்யூ ஒரு சொல்லை நறுக்கும், யூ முன்னுள்ளதையும் கே பின்னுள்ளதையும் நறுக்கும், நறுக்கியதை ஒய் மீட்டுத் தரும். சி ஓடுவதை நிறுத்தும். எஸ், தந்தி அச்சுப்பொறிக் காலத்து எச்சமாய், திரையை உறையச் செய்யும். க்யூ தட்டினால் அது உயிர்பெறும் என்பதை அறியாது கணினியையே அணைத்துத் தீர்த்தோர் பலர். இவ்விசைகளை, உரைத்தொகுப்பிகளாகிய இரண்டனுள், ஈமாக்ஸ் முறையில் வைப்பதா, விஐ முறையில் வைப்பதா என்ற வழக்கு, வடகலை தென்கலை வழக்கைப் போலவே, தீர்ப்பை விரும்பாத வழக்கு.

இனி, இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாகிய முக்காற்புள்ளிக்கு வருவோம். முக்காற்புள்ளியை மட்டும் இட்டு எண்டர் விசையைத் தட்டினால் என்ன நிகழும்? ஒன்றும் நிகழாது. இது பிழையன்று, அவ்வகக் கட்டளையின் தொழிலே அது. ஒன்றும் செய்யாதிருத்தலைச் செவ்வனே செய்து முடித்து, வெற்றிக்கு அடையாளமாகிய பூஜ்யத்தை அது திருப்பி அளிக்கிறது. ஷெல் உலகில் பூஜ்யமே தேர்ச்சி, மற்ற எண்கள் யாவும் தோல்வியின் வகைகள்.

முக்காற்புள்ளி செயலற்றது என்ப. என்றவர் யார் என்று வினவுவது ஆய்வு நாகரிகம் அன்று. அற்றன்று, செயலின்மையும் ஒரு செயலே என்பார் ஒரு சாரார். இவ்விருவரையும் மறுப்பார் மூன்றாம் சாரார். அவர் முதலாமவர் நூலைப் படியாது, இரண்டாமவர் அதற்கு எழுதிய மறுப்பை மட்டும் படித்தவர். நான்காம் சாராரின் கூற்று ஓர் ஏட்டில் இருந்தது; ஆதாரம் இருந்த பகுதியைச் செல் அரித்துவிட்டது; அரித்தது என்பதே அப்பகுதி சத்துள்ளது என்பதற்கு ஆதாரம், ஏனெனில் அவர் எழுதிய மற்றப் பகுதிகளைச் செல்லும் தொடவில்லை.

முக்காற்புள்ளியின் சரித்திரம் இது. தாம்சனின் ஷெல்லில் ‘கோடூ’ என்றொரு புறக் கட்டளை இருந்தது. கட்டளைத் தொகுப்பில் குறித்துவைத்த அடையாளம் ஒன்றைத் தேடி அங்கே தாவச் செய்வது அதன் வேலை. அவ்வடையாளத்தின் முன் நின்றது முக்காற்புள்ளி. 1979 இல் ஸ்டீபன் போர்னின் ஷெல் வெளிவந்தபோது கோடூ மறைந்தது. முக்காற்புள்ளி மட்டும் உத்தியோகத்தில் நீடித்தது. வேலை போன பின்னும் பதவி போகாத இவ்வதிசயத்துக்கு வேறு உதாரணம் வேண்டுவோர் யாதேனும் ஓர் ஆய்வு நிறுவனத்தின் ஊதியப் பட்டியலைப் புரட்டுக.

முடிவில்லாமல் சுழல வேண்டிய சுழற்சிக்கு நிபந்தனையாக முக்காற்புள்ளியை வைப்பது மரபு. எப்போது கேட்டாலும் ‘ஆம்’ என்பதால், கண்ட்ரோல்-சி வந்து தடுக்கும்வரை கூட்டம் கலையாது. இதன் பின் பெருங்குறி (>) இட்டு ஒரு கோப்பின் பெயரைச் சேர்த்தால் அக்கோப்பு வெறுமையாகிவிடும். வெறுமையாக்கியது பெருங்குறியேயன்றி முக்காற்புள்ளி அன்று என்பதால், விசாரணை வைத்தாலும் அது நிரபராதியாகவே வெளிவரும். இதன் உடன்பிறப்பாகிய ‘ட்ரூ’ பழைய யூனிக்ஸில் எழுத்தொன்றுமற்ற வெற்றுக் கோப்பாக இருந்தே வெற்றியை அளித்தது. பிற்காலத்து ஏடி அண்ட் டி பதிப்பில் அவ்வெறுமையின் தலைமேல் பதிப்புரிமை அறிவிப்பு ஏறியது. அணிந்துரையும் வாழ்த்துரையும் கழித்தால் மீதம் ஒன்றும் இராத நூல்களை வைத்திருப்போர் இதனைக் கண்டு வியக்கமாட்டார்.

பாஷ் ஷெல்லில் ‘ஹெல்ப்’ என்று இட்டால் அகக் கட்டளைகள் அனைத்தும் பட்டியலாக வரும். ‘டைப்’ என்று இட்டுக் கட்டளையின் பெயரைச் சேர்த்தால் அது அகமா புறமா என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும். அவ்விரண்டையும் அறிந்த வாசகர்க்கு இக்கட்டுரை தேவையில்லை. அறியாதவர் அவ்விரண்டையும் அறிந்துகொண்டால், அவர்க்கும் தேவையில்லை.