கம்பஸ் மாமா

கம்பஸ் மாமா, ரொறன்ரோ பெரும்பாகத்தில், குறிப்பாக ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும், பரவலாகக் காணப்படும் யாழ்ப்பாணத்து மனிதர். பன்னிரண்டாம் வகுப்பில் பொறியியலுக்கு ஆயத்தமாகும் பிள்ளை ஒன்று அவருக்கு வேண்டும். சொந்தப் பிள்ளை இல்லாவிட்டால் மனைவியின் தங்கை பிள்ளை. அதுவும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

ஒன்ராறியோவில் விண்ணப்பக் கெடு சனவரி நடுப்பகுதியில் வருவதால், இலை உதிரும் காலத்திலேயே மாமா துளிர்க்கத் தொடங்குவார். சாமத்திய வீட்டுச் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நிற்கும் பிள்ளையிடம் பெயருக்கு முதல் மார்க்ஸைத்தான் கேட்பார்: "தம்பி, ஆறும் எவ்வளவு வருது?" ஆறு என்பது பல்கலைக்கழகங்கள் சராசரி பார்க்கும் ஆறு பாடங்கள். ஆங்கிலம், பௌதிகம், இரசாயனம், கணிதத்தில் இரண்டு என ஐந்து பொறியியலுக்குக் கட்டாயம். ஆறாவது எது என்பது பற்றி மாமாவிடம் தனிச் சொற்பொழிவே உண்டு.

கம்பஸ்களை, அதாவது பல்கலைக்கழகங்களை, ஒப்பிட மாமாவின் கருவி ஓர் எக்செல் தாள். முதல் நிரை வாட்டர்லூ. 1957இல் தொடங்கிய நாள் முதல் அங்கே கோ-ஆப்: படிப்பும் வேலையும் நாலு நாலு மாதமாக மாறி மாறி வந்து, நாலு வருடம் எட்டு மாதத்தில் பட்டம். மாமாவுக்கு இது பாடத்திட்டமல்ல, சம்பளத்திட்டம். ஆனால் ஒரு முள்ளும் உண்டு. சில பள்ளிக்கூடங்களிலிருந்து முன்பு வந்தவர்களின் மார்க்ஸ் முதலாம் வருடத்தில் எவ்வளவு சரிந்தது என்று பார்த்து, அந்தப் பள்ளிகளின் புதிய விண்ணப்பதாரரின் மார்க்ஸை அங்குள்ள பொறியியல் பீடம் சரிக்கட்டும். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் 1970களில் வந்த தரப்படுத்தலைத் திட்டித் திட்டியே பெரியவர்கள் சோறுண்ட வீட்டில் வளர்ந்தவர் மாமா. "இஞ்சையும் தரப்படுத்தல்தான்!" என்று கொதிப்பார். கொதித்த கையோடு, எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கழிவு குறைவு என்றும் விசாரிப்பார்.

இரண்டாம் நிரை ரொறன்ரோ பல்கலைக்கழகம். 1921இல் இன்சுலின் கண்டுபிடித்த இடம் என்பதைப் பொறியியலுக்கும் சாதகமாகவே மாமா எழுதிவைத்திருக்கிறார். மக்மாஸ்ரரிலும் குயின்ஸிலும் முதலாம் வருடம் பெரும்பாலானோருக்குப் பொது. துறையைப் பிறகு தெரியலாம். பிள்ளைக்கு இது வசதி, மாமாவுக்கு அவஸ்தை: துறை தெரியாமல் ஊருக்கு எதைச் சொல்வது? பிள்ளைக்கு எந்தத் துறை பிடிக்கும் என்பதற்குத் தாளில் நிரல் இல்லை.

மாமியின் அளவுகோல் கறி. மக்மாஸ்ரர் இருக்கும் ஹமில்ரன் ரொறன்ரோ நகரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீற்றர்: சூடாகப் போய்ச்சேரும். வாட்டர்லூ 110: இளஞ்சூடு. குயின்ஸ் இருக்கும் கிங்ஸ்ரன் 260: உறையவைத்துத்தான் அனுப்பவேண்டும். வன்கூவர் பற்றி வீட்டில் பேச்சில்லை.

வாக்குவாதம் முற்றினால் மாமா மக்லீன்ஸ் சஞ்சிகையை எடுப்பார். 1991 முதல் வரும் அதன் தரவரிசையில் ரொறன்ரோவும் மக்கிலும் மருத்துவப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகங்களின் பட்டியலில் இருக்கின்றன. வாட்டர்லூ வேறு பட்டியலில். ஒரே பந்தியில் இருத்தாதவர்களை யார் முந்தி என்று கேட்க முடியாது. மாமா இரண்டு பட்டியலையும் வெட்டி ஒட்டி, மூன்றாவதாக ஒன்றைச் செய்திருக்கிறார்.

1965இல் அமைந்த கனடியப் பொறியியல் அங்கீகாரச் சபை இந்தப் பல்கலைக்கழகங்களின் பொறியியல் பாடநெறிகளைப் பரிசோதித்து அங்கீகரிக்கிறது. அங்கீகாரம் பெற்ற பட்டம் எதுவானாலும், தொழில் உரிமம் கொடுக்கும் மாகாண அமைப்புக்கு ஒன்றுதான். மாமாவுக்கு இது தெரியும். சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்பதால் சொல்வதில்லை.

பட்டம் முடிக்கும் பொறியியலாளருக்கு 1925 முதல் ஒரு சடங்கில் இரும்பு வளையம் அணிவிக்கிறார்கள். வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் போடும் அந்த வளையத்தில் கம்பஸின் பெயர் பொறிப்பதில்லை. கலியாண வீட்டில் கைகுலுக்கும்போது அதைக் காணும் மாமா, பிடித்த கையை விடாமலே கேட்பார்: "எந்தக் கம்பஸ், தம்பி?"