ஈத் ஜீரோ விசாரம்

மணிமேகலையின் 27ஆம் காதையில், மாதவன் வடிவம் தாங்கி வஞ்சி மாநகரத்துச் சமயக் கணக்கர்களை ஒருவர்பின் ஒருவராக வினவிச் செல்லும் காப்பியத் தலைவி மணிமேகலைக்கு முதற்கண் விடையளிக்கும் அளவைவாதி என்பான், மெய்ப்பொருளை அறிதற்குரிய பிரமாணங்கள் வேதவியாசர் கொள்கைப்படி பத்து என்றும், ஜைமினி அவற்றுள் ஆறே போதும் என்று கொண்டார் என்றும் எடுத்துரைக்கிறான். பண்டிதர்கள் இப்பகுதியை வைதிக தர்க்கத்தின் சுருக்கமாகப் போற்றுவர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அப்பிரமாணங்களுள் பெரும்பாலானவற்றை ஓரிரவுக்குள் பிரயோகித்துத் தீரவேண்டிய தொழில் ஒன்று இக்காலத்தில் தோன்றியிருப்பதையும், அத்தொழிலைச் செய்வோர் அளவைவாதியின் பெயரைக்கூடக் கேளாதவர்களாக இருப்பதையும், ஆராய்ச்சியாளர்கள் இதுகாறும் கவனியாது விட்டது பெருங்குறையே ஆகும். சர்வருக்கு நெட்வொர்க் வரவில்லை என்ற செய்தி கேட்டு, அதன் காரணத்தை ஆராயப் புகும் சிஸ்டம் அட்மினின் தொழிலையே இங்குக் குறிப்பிடுகிறோம்.

கேபிளை மாட்டினால் வேலை செய்யவேண்டியதுதானே என்பது பூர்வபட்சம். இப்பட்சத்தை மேனேஜர்கள் அனைவரும் ஒருமுகமாக ஆதரிப்பதால் இதனை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆயினும், ஒரு லினக்ஸ் சர்வரின் நெட்வொர்க் கார்டு உலகத்தோடு உறவுகொள்ள வேண்டுமாயின், கம்பியில் சமிக்ஞை ஓடவேண்டும். கார்டுக்கு ஓர் ஐ.பி. முகவரி இருக்கவேண்டும், தன் சுற்றின் எல்லை எதுவரை என்பதைக் காட்டும் நெட்மாஸ்க் பிழையற்றிருக்கவேண்டும், எல்லைக்கு அப்பால் செல்லும் செய்திகளை ஒப்படைக்க ஒரு கேட்வே வேண்டும், பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும் டி.என்.எஸ். வேண்டும். இவற்றுள் எது ஒன்று பழுதுபட்டாலும் மேனேஜருக்குத் தெரிவது ஒரே காட்சிதான். ஆகவேதான் பிரமாண சாஸ்திரம் தேவைப்படுகிறது.

பிரமாணங்களுக்குள் புகுமுன், பிரமேயம், அதாவது அறியப்படும் பொருள், எது என்று நிச்சயிப்பது முறை. ஈத் ஜீரோ, ஈத் ஒன்று என்று கார்டுகளுக்குப் பெயரிடும் மரபில், எந்தத் துவாரம் ஈத் ஜீரோ என்பதைப் பற்றி மூன்று மதங்கள் வழங்கி வந்தன. முதலாவது வரிசைவாதம்: சர்வர் கண்விழிக்கும்போது கெர்னலின் பார்வைக்கு எந்தக் கார்டு முதலில் படுகிறதோ அதுவே ஈத் ஜீரோ. நேற்று முதலில் பட்டது இன்றும் முதலில் படும் என்பதற்கு உத்தரவாதம் இன்மையால், இரண்டு கார்டுகள் தமக்குள் பெயரை மாற்றிக்கொண்ட வழக்குகள் பல. இதனைக் கண்டித்து எழுந்தது ஸ்மிருதிவாதம்: கார்டின் 48 பிட் மேக் முகவரியையும் அதற்கு முதன்முதல் கொடுத்த பெயரையும் யூடெவ் என்னும் கணக்குப்பிள்ளை ஒரு கோப்பில் குறித்துவைத்துக்கொள்ளும், அதன்பின் அப்பெயர் அக்கார்டுக்கே ஆயுட்காலச் சொத்து. இந்த மதத்தின் விபரீதம், மெய்ந்நிகர் சர்வர்களைப் படியெடுக்கும் பழக்கம் பரவியபோதுதான் வெளிப்பட்டது. படியெடுத்த சர்வருக்குப் புதிய மேக் முகவரி கிடைக்கிறது. கணக்குப்பிள்ளையின் ஏட்டிலோ ஈத் ஜீரோ என்ற பெயர், இவ்வுடம்பில் இல்லாத பழைய கார்டின் பேரில் பதிவாகி இருக்கிறது. எனவே புதியது ஈத் ஒன்று ஆகிறது. அமைப்புக் கோப்போ ஈத் ஜீரோவுக்கே முகவரி வழங்குகிறது. உடலை விட்டுப் பிரிந்த பின்னும் பெயர் மட்டும் எஞ்சி நின்று உயிருள்ளவனின் உரிமையைத் தடுக்கும் இவ்விசித்திரத்தால், அக்காலத்து அட்மின்கள் பலர் தூக்கம் இழந்தனர்.

மூன்றாவது ஸ்தானவாதம். 2013 ஜனவரியில் வெளிவந்த சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு இதனை நிலைநாட்டியது. கார்டு எங்கே செருகப்பட்டிருக்கிறதோ அவ்விடமே அதன் பெயர். மதர்போர்டிலேயே அமைந்தது இ.என்.ஓ.1, மூன்றாம் பஸ்ஸில் இருப்பது இ.என்.பி.3.எஸ்.0 என்றாற்போல. முன்கூட்டியே அறியத்தக்க பெயர்கள் என்று இவற்றுக்கு விருது வழங்கப்பட்டது. ஆனால், சர்வரில் வேறொரு கார்டைப் புதிதாகச் செருகினால் பஸ்களின் எண் மாறலாம். மாறினால் முன்பிருந்த கார்டின் பெயரும் மாறும். ஆகவே தன் பேரில் ஒரு குற்றமும் இல்லாத கார்டு, அண்டையில் ஒருவர் குடிவந்த காரணத்தால் பெயர் இழந்து முகவரி இழந்து நிற்பது இம்மதத்திலும் உண்டு. மூன்று மதங்களையும் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, மாற்றம் இல்லாத பெயர் என்பது அட்மின் தாமே கைப்பட எழுதிவைப்பது ஒன்றே என்பது நம் துணிபு.

இனிக் காண்டல் அளவை. துவாரத்தின் அருகே எரியும் சிறுவிளக்கே இங்குப் பிரத்தியட்சம். இதனினும் உயர்ந்த பிரமாணம் இல்லை. ஆனால் சர்வர் ஓரூரிலும் அட்மின் வேறோர் ஊரிலும் இருப்பது உலக வழக்கமாதலால், பிரத்தியட்சம் பெரும்பாலும் டெலிபோன் வழியாகவே சித்திக்கிறது. நள்ளிரவில் நிகழும் இத்தகைய சம்பாஷணையின் பொதுவடிவம் வருமாறு:

“தம்பி, போர்ட்ல லைட் எரியுதா பாருங்க.”

“எரியுது சார்.”

“எந்த போர்ட்ல?”

“எல்லா போர்ட்லயும் எரியுது சார்.”

“நம்ம கேபிள் எது?”

“எல்லாமே நீல கேபிளாத்தான் சார் இருக்கு.”

பிறர் கண்ணால் காண்பது காண்டல் ஆகுமா, ஆகமம் ஆகுமா என்ற நுண்ணிய வினாவைத் தார்க்கிகர்களுக்கு விடுத்து, ஈத்டூல் என்னும் கருவியை மட்டும் இங்கே புகழ்ந்துரைப்போம். அதற்குப் பி என்ற குறியோடு கார்டின் பெயரைக் கொடுத்தால், அக்கார்டின் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும். சிமிட்டுவது எது என்று கேட்டால் தம்பி தவறாது சொல்வார். இது தெரியாமல் வேறு சர்வரின் கேபிளைப் பிடுங்கச் சொன்னவர்களின் சரித்திரம் எழுதப்படாமலே போயிற்று.

கருதல் அளவைக்குரிய கருவி பிங். அமெரிக்காவின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிச் சாலையில் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர், 1983 டிசம்பரில், தம் நெட்வொர்க்கில் ஏற்பட்ட ஏதோ ஒரு கோளாற்றை ஆராய்வதற்காக இதனை எழுதினார். தம் வாழ்நாளில் தமக்குப் பெரும்புகழ் தரப்போவது இதுவே என்று அன்று அறிந்திருந்தால், இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக உழைத்திருப்பேன் என்ற கருத்துப்பட அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். பிங்கைப் பிரயோகிக்கும் முறை உள்ளிருந்து வெளியே செல்வது: முதலில் 127.0.0.1, பின்னர்த் தன் முகவரி, பின்னர்க் கேட்வே, பின்னரே வெளியுலகம். 127.0.0.1 பதில் சொல்வதைக் கண்டு மகிழ்ச்சி அடைபவர்கள், சர்வர் தன்னோடு தானே பேசிக்கொள்வதற்குக் கார்டும் தேவையில்லை, கேபிளும் தேவையில்லை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

பிங் தோல்வியுறும்போது அது சொல்லும் காரணம் கூர்ந்து நோக்கற்பாலது. நெட்வொர்க்கை எட்ட இயலாது என்று சொன்னால், செல்லும் வழியே பட்டியலில் இல்லை என்பது பொருள். செய்தி சர்வரை விட்டு அடியெடுத்தே வைக்கவில்லை. ஹோஸ்ட்டை எட்ட இயலாது என்று, அதுவும் நம் சொந்த முகவரியிலிருந்தே, விடை வந்தால், வழி உண்டு, ஆனால் இந்த முகவரிக்குரியவர் யார் என்று கம்பியில் கூவிக் கேட்டதற்கு எவரும் பதில் தரவில்லை என்பது பொருள். இவ்வாறு கூவிக் கேட்கும் ஏ.ஆர்.பி. முறையை டேவிட் பிளம்மர் என்பார் 1982 நவம்பரில் வகுத்தளித்தார். நெட்மாஸ்க் பிழையின் சூட்சுமம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 255.255.255.0 என்று இருக்கவேண்டிய இடத்தில் 255.255.0.0 என்று எழுதப்பட்டால், கேட்வேக்கு அப்பால் இருக்கும் பக்கத்துச் சுற்றுகளையும் சர்வர் தன் சுற்றென்றே மயங்கி, கேட்வேயை நாடாமல் அங்கேயே கூவிக்கொண்டு நிற்கும். அதன் பயனாக, கடல் கடந்த தேசத்துச் சர்வர் நொடியில் பதில் சொல்ல, அடுத்த மாடியில் உள்ள சர்வர் மட்டும் எட்டாக்கனியாகும். இந்நிலையில் குற்றம் அடுத்த மாடிக்காரர் பேரிலேயே சுமத்தப்படுவது வழக்கம். அவரும் சில சமயங்களில் பயந்து ஒப்புக்கொள்வதுண்டு.

அபாவம், அதாவது இன்மையை அறிதல், பற்றி மீமாம்சகர்கள் கொடுத்த எச்சரிக்கை ஒன்று உண்டு: காணத்தக்க பொருள் காணப்படாதபோதே அதன் இன்மை சித்திக்கும். பிங்குக்குப் பதில் தரலாகாது என்று ஃபயர்வால் தடுத்துவைத்திருக்கும் சர்வர், பூரண ஆரோக்கியத்தோடு மௌனம் சாதிக்கும். அதன் மௌனத்தை மரணமென்று கொண்டு ரீபூட் செய்தவர்கள், ஜைமினியின் வழிவந்தோர் வகுத்த நிபந்தனையை மறந்தவர்களே.

உவமை அளவையைச் சுருங்கச் சொல்லி நீங்குவோம். பக்கத்துச் சர்வர் நன்றாக இயங்குகிறது, இதுவும் அதுபோன்றதே, ஆகவே அதன் கோப்பை இதற்கும் பிரதி செய்வோம் என்பது இதன் வடிவம். பிரதி செய்தவர் ஐ.பி. முகவரியை மாற்ற மறந்தாராயின், ஒரே முகவரியைக் கூவும்போது இருவர் பதில் சொல்வர்; ஒரு நிமிடம் இதற்கும் மறு நிமிடம் அதற்குமாகச் செய்திகள் போய்ச்சேரும்; முன்பு ஒன்று பழுதாக இருந்த இடத்தில் இப்போது இரண்டு பழுதாகும்.

ஆகமமே நம் ஆராய்ச்சியின் மையம். ஆகமம் என்றது அமைப்புக் கோப்பை. இதிலும் சம்பிரதாய பேதங்கள் உண்டு. டெபியன் மரபினர்க்கு இன்டர்ஃபேசஸ் என்ற ஒரே நூல். ரெட் ஹாட் மரபினர்க்குக் கார்டுக்கு ஒரு சுவடியாக ஐ.எஃப்.சி.எஃப்.ஜி. தொகுதி நெடுங்காலம் வழங்கி வந்தது; உபுண்டுவினர் 2017இல் 17.10ஆம் பதிப்பு தொடங்கி நெட்பிளான் என்னும் புதிய வேதத்தைத் தழுவினர். இப்புதிய வேதம் யாமல் இலக்கணத்தில் அமைந்தது. அதில் எழுத்தினும் இடைவெளியே முக்கியம். ஸ்பேஸ் இட்டு உள்ளடக்கவேண்டிய வரியை டேப் இட்டு உள்ளடக்கினால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே போல் தோன்றினும் நூல் முழுவதும் நிராகரிக்கப்படும். வெற்றிடத்திலும் வேற்றுமை காணும் இவ்விலக்கணத்துக்கு முன்னே நம் நன்னூலார் மிகவும் தயாளர் என்றே சொல்லவேண்டும். டி.என்.எஸ். முகவரி எழுதிவைக்கும் ரிசால்வ் கோப்போ, என்னைக் கையால் திருத்தாதே, திருத்தினால் அழிக்கப்படும் என்று பல சர்வர்களில் தன் தலைப்பிலேயே பிரகடனம் செய்துகொள்கிறது. திருத்தியவர்கள் மறுநாள் காலையில் அதன் வாய்மையை உணர்கின்றனர்.

இரண்டு கார்டுகள் உள்ள சர்வரில், இரண்டுக்கும் கேட்வே வரி எழுதுவது பரவலான குற்றம். இயல்பாகச் செல்லும் வழி ஒன்றே இருக்கத்தக்கது. இரண்டாவதைச் சேர்க்கப் புகும்போது டெபியன் சர்வர், கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று விடையிறுக்கும். எந்தக் கோப்பு என்று தேடிப் புறப்பட்டவர்கள் ஏராளம். உண்மையில் அங்கே கோப்பு எதுவும் இல்லை. ஏற்கெனவே இருப்பது வழி. கெர்னல் தன்னிடமுள்ள பொதுவான பிழை எண் ஒன்றைத் தருகிறது, அதற்குரிய வாசகம் கோப்புகளுக்காக எழுதப்பட்டது. ஆகமம் சொல்லும் சொல்லை அதன் நேர்ப்பொருளில் கொள்ளலாகாத இடங்கள் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் எம் ஆராய்ச்சியில் கிட்டவில்லை.

குற்றம் கண்டுபிடிக்கப்பட்டபின் அதனைத் திருத்தும் கிரியையிலும் ஓர் அபாயம் உண்டு. தொலைவிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே புகுந்தவர், தாம் வந்த அதே கார்டை நிறுத்தி மீண்டும் எழுப்ப எண்ணி, நிறுத்து என்ற கட்டளையை முதலில் கொடுக்கிறார். அது செவ்வனே நிறைவேறுகிறது. எழுப்பு என்ற இரண்டாம் கட்டளை செல்வதற்கு வழி ஏது? அமர்ந்த கிளையின் அடியை வெட்டிய காளிதாசனுக்குப் பின்னர்க் காளியின் அருள் கிடைத்ததாகக் கதை. அட்மினுக்குக் கிடைப்பது டேட்டா சென்டருக்கு ஓர் ஆட்டோ. இதனைத் தவிர்க்க, இரு கட்டளைகளையும் ஒரே வரியில் பிணைத்துக் கொடுப்பது, பத்து நிமிடத்தில் தானே ரீபூட் ஆகும்படி முன்னதாகச் சொல்லிவைத்து வேலை பலித்ததும் அதனை ரத்து செய்வது என்ற உபாயங்களை மூத்தோர் கையாண்டனர். நெட்பிளானில் முயற்சி என்றே ஒரு கட்டளை உண்டு. 120 விநாடிக்குள் நாம் என்டரை அழுத்தி உயிரோடு இருப்பதைத் தெரிவிக்காவிடில், பழைய நிலைக்கே அது திரும்பிவிடும். அட்மினின் பேதைமையை முன்னறிந்து எழுதப்பட்ட கருணை இது.

எஞ்சியவற்றுள் ஐதிகம் ஒன்றே விரித்துரைக்கத் தக்கது. இந்த மரத்தில் பேய் உண்டு என்று உலகத்தார் சொல்ல அதனை மெய்யென்று தெளிவது ஐதிகம் என்று அளவைவாதி உதாரணம் காட்டுகிறான். சர்வர் அறைகளில் இவ்வளவை பெற்றுள்ள செல்வாக்கு வேறெந்த அளவைக்கும் இல்லை. பேய் உண்டாகும் விதம் இது: முன்பொரு நாள் அவசரத்தில் எவரோ ஒருவர், ஐ.பி. என்ற கட்டளையால் ஒரு முகவரியையோ வழியையோ நேரே கெர்னலின் நினைவில் சேர்க்கிறார். சர்வர் உடனே சரியாகிறது. அனைவரும் உறங்கப் போகின்றனர். கோப்பில் எழுதுவதற்கு நாளை பார்த்துக்கொள்ளலாம் என்ற அந்த நாளை வருவதில்லை. அவரும் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார். கோப்பு சொல்வது ஒன்று, சர்வர் நடந்துகொள்வது வேறொன்று என்ற நிலையிலேயே காலம் ஓடுகிறது. பின்னர் யு.பி.எஸ். பாட்டரி மாற்றும் பொருட்டுச் சர்வர் நிறுத்தப்பட்டு எழும்போது, அது ஆகமத்தை மட்டுமே படித்துக்கொண்டு எழுகிறது; நினைவில் இருந்தது நினைவோடு போயிற்று. புதிய அட்மின் கோப்பைப் படிக்கிறார். அதில் இலக்கணப் பிழை இல்லை. நெடுநாளாக எவரும் அதனைத் தொட்டதாகவும் தேதி காட்டவில்லை. மாறாத கோப்பு மாறிய பயனைத் தருவதால், காரணம் அமானுஷ்யமானது என்றே அவர் முடிவு செய்யவேண்டியிருக்கிறது. எப்படியோ பாடுபட்டு, அவரும் அதே கட்டளையாலேயே அதனைச் சரிசெய்து, சர்வரின் நெற்றியில் ரீபூட் செய்யாதீர்கள் என்று சீட்டு ஒட்டிவிட்டு வீடு திரும்புகிறார்.

அச்சீட்டின் காலம், கையெழுத்து, பாடபேதம் ஆகியவை தனி ஆராய்ச்சிக்கு உரியன. அதனைக் கிழித்துவிட்டு ரீபூட் செய்து பார்க்கத் துணிவோர், ஐ.பி. அட்ரஸ், ஐ.பி. ரூட் என்னும் இரு கட்டளைகளின் விடையையும் முதலில் ஒரு தாளில் எழுதி, அத்தாளைச் சர்வருக்குள் அல்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாராக.