பச்சைத் துணி மேல் பந்தயக் காசு

(பூல் மேசைச் சூதாட்டம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.)

பூல் ஹால் என்றாலே சூதாடும் இடம் என்ற பெயர் எப்படி வந்தது? அந்த விளையாட்டு என்ன பாவம் செய்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஒரு பாவமும் செய்யவில்லை ஐயா. அந்த அறைக்குள் முதலில் நுழைந்தது சூது, மேசை பிறகுதான் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டத் தனி அறைகள் இருந்தன. எல்லோரும் கட்டிய பணத்தைச் சேர்த்து வைத்து, ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அதனால் அவை பூல் ரூம்கள். ஒரு பந்தயம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வாடிக்கையாளர் எழுந்து போய்விடக் கூடாதே என்று பில்லியர்ட்ஸ் மேசைகளைப் போட்டு வைத்தார்கள். பிற்பாடு குதிரை வெளியேறிவிட்டது. மேசை நின்றது, கெட்ட பெயரும் அதோடு நின்றது.

அதற்காக மேசை மேல் காசு புரளவில்லை என்று சொல்லமாட்டேன். 1859இல் டெட்ராய்ட்டில் மைக்கேல் ஃபீலன் என்பவர் ஜான் சீரைட்டரைத் தோற்கடித்தபோது அவருக்குக் கிடைத்தது 15,000 டாலர். அந்தக் காலத்து டாலர்!

அரசாங்கம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மாவா இருந்தது?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

இல்லை. கலிஃபோர்னியாவில் சவுத் பாசடீனா என்ற சிற்றூர், காசு வாங்கி நடத்தும் பில்லியர்ட்ஸ் கூடங்களையே தடை செய்தது. கூடம் நடத்திய மர்ஃபி என்பவர் வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1912இல் அவர் தோற்றார். சோம்பலையும் சூதையும் வளர்க்கும் என்று ஊர் கருதினால் மூடலாம் என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அதே ஊர்ச் சட்டத்தில், 25 அறைகளுக்குக் குறையாத விடுதிகள் தம் விருந்தினருக்காக மேசை வைத்துக்கொள்ள விலக்கு இருந்தது! கூலிக்காரன் ஆடினால் சோம்பல், கனவான் ஆடினால் பொழுதுபோக்கு. இந்தப் பாகுபாடு எனக்கு அன்றைய சூதாட்டத்தைவிடப் பெரிய அநியாயமாகப் படுகிறது. மர்ஃபி என்ற பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

"தி ஹஸ்லர்" படத்தில் வருவது போலத்தான் நிஜத்திலும் நடந்ததா?
– திரைப்பட ரசிகர், சேலம்

வால்டர் டெவிஸ் 1959இல் எழுதிய நாவல், 1961இல் ராபர்ட் ராசன் இயக்கத்தில் படமானது. பால் நியூமன் நாயகன். படத்தில் இருப்பது இரு மேதைகள் விடிய விடிய மோதும் ஆட்டம். நிஜ ஹஸ்லரின் (திறமையை மறைத்து ஆடிப் பந்தயக் காசு பறிப்பவரின்) பிழைப்பு அதற்கு நேர் எதிர். தனக்குச் சமமான ஆளோடு ஆடுவதை அவன் கூடியவரை தவிர்ப்பான்.

இதை ஆராய்ந்தவர் நெட் போல்ஸ்கி என்ற சமூகவியலாளர். வெளியே நின்று பார்த்தவர் அல்ல. தானும் கோல் பிடித்து ஆடிய மனிதர். 1967இல் வந்த அவர் புத்தகம் சொல்லும் முதல் விதி, உண்மைத் திறமையை ஒருபோதும் காட்டாதே என்பது. சுலபமான பந்தைத் தவறவிட வேண்டும். கஷ்டமான பந்தைப் போட்டால், ஏதோ குருட்டாம்போக்கில் விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஜெயித்தாலும் நூலிழையில் ஜெயிக்க வேண்டும். தோற்றவன் "இன்னும் ஒரு ஆட்டம்" என்று கேட்கும்படி இருக்க வேண்டும்.

இன்னொன்றும் போல்ஸ்கி கவனித்தார். பணம் பெரும்பாலும் கைமாறுவது ஆட்டத்தில் அல்ல, ஆட்டத்துக்கு முந்தைய பேரத்தில். யார் யாருக்கு எத்தனை பந்து விட்டுக் கொடுப்பது என்று பேசி முடிக்கும்போதே முடிவு ஏறக்குறைய எழுதப்பட்டுவிடும். அதற்குப் பிறகு பந்தை உருட்டுவது கையெழுத்துப் போடுகிற வேலை.

அப்படியானால் ஹஸ்லர் திறமைசாலியா, மோசடிக்காரரா?
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

இரண்டும். முப்பது வருஷம் பழகிய கையை மறைத்து வைத்து, சம்பள நாளில் வந்த ஆலைத் தொழிலாளியிடம் வாரக் கூலியைக் கறப்பது ஏமாற்றுதான். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் தன் காசையும் தன் பெயரையும் எதிரே வைத்துத்தான் ஆடினான். அடையாளம் தெரிந்துவிட்டால் உதை வாங்கியதும் அவன்தான்.

மினசோட்டா ஃபேட்ஸ் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா?
– வாசகர், தூத்துக்குடி

"தி ஹஸ்லர்" நாவலில் இருந்தார். படம் வந்ததும் ருடால்ஃப் வாண்டரோன் என்ற பருத்த உடம்புக்காரர் "அது நான்தான்" என்று கிளம்பினார். அதுவரை அவரை நியூயார்க் ஃபேட்ஸ் என்றுதான் அழைத்து வந்தார்கள். நாவலாசிரியர் மறுத்தார், ஊர் கேட்கவில்லை. மனிதருக்கு வாய் அப்படி.

இதில் கொதித்துப் போனவர் வில்லி மாஸ்கோனி. 1954இல் ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு பந்துகூடத் தவறாமல் தொடர்ந்து 526 பந்துகள் போட்டவர் அவர். கோட்டும் டையுமாக நின்று இந்த விளையாட்டுக்கு மரியாதை தேடித் தந்தவர். 1978இல் தொலைக்காட்சியில் இருவரும் மோதினார்கள். மாஸ்கோனி ஜெயித்தார். என் ஓட்டு மாஸ்கோனிக்கு. ஆனாலும் ஜனங்களின் நினைவில் அதிகம் தங்கியவர் மற்றவர்தான். அது எனக்கு இன்றும் உறுத்தல்.

இந்தச் சூதாடிகள் எல்லோரும் ஒன்றுகூடும் திருவிழா ஒன்று நடந்ததாமே?
– கல்லூரி மாணவர், கோவை

நடந்தது தம்பி. இல்லினாய் மாநிலத்தின் தென்பகுதியில் ஜான்ஸ்டன் சிட்டி. பெயரில்தான் சிட்டி, சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த குட்டி ஊர். அங்கே ஜார்ஜ், பாலி என்ற ஜான்ஸ்கோ சகோதரர்கள் 1961இல் ஒரு போட்டி தொடங்கினார்கள். நாடெங்கும் இருந்து ஹஸ்லர்கள் வந்து குவிந்தார்கள். மேடையில் நடந்த போட்டி ஒரு பக்கம். அது முடிந்த பிறகு விடியும்வரை காசு வைத்து ஆடிய ஆட்டம் இன்னொரு பக்கம். பலர் வந்ததே இரண்டாவதற்காக.

புகழ் கூடியது, பத்திரிகைகள் எழுதின, தொலைக்காட்சியும் வந்தது. அங்கேதான் வினை. முகம் தெரியாததுதான் ஹஸ்லரின் முதலீடு. நாடே பார்க்கும் திரையில் முகம் வந்துவிட்டால், அடுத்த ஊரில் எவன் காசு வைப்பான்? பிறகு 1972இல் மத்திய அதிகாரிகள் சோதனை நடத்தி ஆட்களைக் கைது செய்தார்கள். விழா அத்தோடு முடிந்தது. என்னைக் கேட்டால், போலீஸ் வருவதற்கு முன்பே கேமரா பாதி வேலையை முடித்திருந்தது.

பூல் ஹால்கள் குறைந்ததற்குத் தொலைக்காட்சிதான் காரணமா?
– இல்லத்தரசி, வேலூர்

போல்ஸ்கி வேறு காரணம் சொல்கிறார், எனக்கும் அதுதான் சரியென்று தோன்றுகிறது. கல்யாணம் ஆகாமல், வாடகை அறையில் தங்கி, ஊர் ஊராக வேலைக்கு அலைந்த ஆண்களின் கூட்டம் அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிது. மாலையில் அவர்கள் ஒதுங்கிய இடம் பூல் ஹால். அந்தக் கூட்டம் கரைந்தபோது அவர்கள் கூடிய இடமும் கரைந்தது.

ஸ்கோர்செஸியின் "தி கலர் ஆஃப் மணி" படத்தில் எல்லோரும் ஒன்பது பந்து ஆட்டமே ஆடுகிறார்களே, ஏன்?
– திரைப்பட ரசிகர், சேலம் (மறுபடியும்)

சூதுக்கு வசதி. மாஸ்கோனி காலத்து ஸ்ட்ரெயிட் பூல் நீளமானது, பொறுமை கேட்பது. ஒன்பது பந்தில் ஒன்பதாம் எண் பந்தைப் போட்டவன் ஜெயித்தான், சில நிமிடங்களில் காசு கைமாறும். அதிர்ஷ்டத்துக்கும் கொஞ்சம் இடம் உண்டு, அதனால் தோற்றவனுக்கு நம்பிக்கை சாகாது. "தி கலர் ஆஃப் மணி" 1986இல் வந்தபோது மேசை முழுக்க அந்த ஆட்டம் பரவியிருந்தது. படத்துக்குப் பிறகு நல்ல வெளிச்சம், சுத்தமான தரை, குடும்பத்தோடு வரும் பெண்கள் என்று புதுக்கூடங்கள் முளைத்தன.

"ஸ்டேக்ஹார்ஸ்" என்பவர் யார்?
– வாசகர், விருதுநகர்

ஆட்டக்காரருக்காகப் பணம் போடுகிறவர். ஜெயித்தால் பங்கு, தோற்றால் நஷ்டம் முழுதும் அவருடையது. சேவல் கட்டில் மோதுவது சேவல், பணம் சேவல்காரருடையது, அதே கணக்கு. ஒரு வித்தியாசம், இந்தச் சேவலுக்குப் பேசத் தெரியும். எதிராளியோடு இரகசியமாகப் பேசிவைத்து வேண்டுமென்றே தோற்று, தன்னை நம்பிப் பணம் போட்டவரின் காசைப் பங்கு போட்டுக்கொண்டவர்களும் உண்டு. இந்தத் தொழிலில் மன்னிக்கவே முடியாத குற்றம் எனக்கு அதுதான்.

எஃப்ரன் ரேயஸ் வேறு பெயரில் ஆடினார் என்கிறார்களே?
– சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்

ஆமாம். 1985இல் டெக்சாஸின் ஹூஸ்டனுக்கு வந்தபோது சீசர் மொராலெஸ் என்ற பெயரில் ஆடி எல்லோரையும் வென்றார். பிலிப்பைன்ஸில் மாமாவின் பில்லியர்ட்ஸ் கூடத்தில் வளர்ந்தவர், சிறுவனாக மேசை மேலேயே படுத்துத் தூங்கியவர். பெயர் ஏற்கெனவே கடல் கடந்து வந்திருந்ததால்தான் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. பதினோரு வருஷம் கழித்து, 1996இல், ஹாங்காங்கில் சொந்தப் பெயரிலேயே அமெரிக்கரான ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டை 120–117 என்று வென்று ஒரு லட்சம் டாலர் பெற்றார். ஒளிந்து ஆடியதைவிட ஊரறிய ஆடியதில் அதிகம் கிடைத்தது! அந்தச் செய்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்று அப்படி யாராவது மாறுவேஷம் போட்டு ஏமாற்ற முடியுமா?
– மென்பொருள் பொறியாளர், சென்னை

அடிமட்டத்தில் இன்னும் நடக்கலாம். பெரிய அளவில் முடியாது. ஃபார்கோரேட் என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. பதிவான ஆட்டங்களை வைத்து ஒவ்வொருவருக்கும் ஓர் எண். இருவருக்கும் நடுவே 100 புள்ளி வித்தியாசம் என்றால், கெட்டிக்காரர் இரண்டு ஆட்டம் ஜெயிக்க மற்றவர் ஒன்று ஜெயிப்பார் என்று கணக்கு. 200 என்றால் நாலுக்கு ஒன்று. அந்தக் காலத்தில் பேரம் பேசிப் பேசிக் கண்டுபிடித்ததை இன்று கைபேசி ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது.

பெரிய பந்தய ஆட்டங்கள் ஒழியவில்லை. ஒளிவு மறைவுதான் ஒழிந்தது. 2000களின் பிற்பகுதியில் இரண்டு கெட்டிக்காரர்கள் நாள்கணக்கில் மோதும் பந்தய ஆட்டங்களை இணையத்தில் நேரலையாகக் கட்டணத்துக்குக் காட்டத் தொடங்கினார்கள். இருட்டறையில் நடந்ததற்கு டிக்கெட் போட்டாயிற்று. அமெரிக்காவில் டெர்பி சிட்டி கிளாசிக் போட்டிக்குப் போகிறவர்கள் பலர் இன்றும் நடுராத்திரிப் பந்தய ஆட்டங்களுக்காகவே கண் விழிக்கிறார்கள்.

அப்படியானால் அந்தச் சூதுப் பணமெல்லாம் எங்கே போனது?
– கணக்காளர், ஈரோடு

சரியான கேள்வி, கணக்காளர் கேட்க வேண்டிய கேள்வி. 1964இல் நியூ ஹாம்ப்ஷயர் அரசே லாட்டரி நடத்த ஆரம்பித்தது. நெவாடாவில் மட்டும் இருந்த சூதாட்ட விடுதிகள் 1978இல் அட்லாண்டிக் சிட்டிக்கு வந்தன, 1988 சட்டத்துக்குப் பிறகு பூர்வகுடி நிலங்களிலும் பெருகின. 2003இல் இணையத்தின் வழியே தகுதி பெற்ற ஒரு கணக்கர் உலகப் போக்கர் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார், இளைஞர்கள் சீட்டுப் பக்கம் ஓடினார்கள்.

பிறகு 2018. விளையாட்டுகள் மேல் பந்தயம் கட்ட அனுமதிக்கக் கூடாது என்று மாநிலங்களைக் கட்டிப் போட்டிருந்த மத்தியச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கில் வென்ற நியூ ஜெர்சி ஆளுநரின் பெயர் மர்ஃபி! 1912இல் ஒரு மர்ஃபி பில்லியர்ட்ஸ் மேசை போட்டதற்கு நீதிமன்றத்தில் தோற்றார். 106 வருஷம் கழித்து இன்னொரு மர்ஃபி ஜெயித்ததில் ஒவ்வொரு சட்டைப்பைக்குள்ளும் ஒரு சூதாட்ட அறை புகுந்துவிட்டது.

பழைய கூடத்தில் தோற்றவனுக்குத் தன் காசை வாங்கிக்கொண்டவனின் முகமாவது தெரியும். அடுத்த மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து திரும்பப் பிடிக்கலாம் என்ற வழியாவது இருந்தது. கைபேசியில் எதிரே இருப்பது நிறுவனம். நீங்கள் எவ்வளவு பழகினாலும் விகிதத்தை வைப்பது அவர்கள். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன்.

இதில் நம் ஊருக்குச் சம்பந்தம் ஏதாவது உண்டா?
– வாசகி, ஊட்டி

உங்கள் ஊருக்கே உண்டு! 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி – பிற்காலப் பிரதமர் அல்ல, வேறு ஆள் – ஸ்னூக்கரை உருவாக்கினார். அன்று அதிகாரிகள் ஆடிய லைஃப் பூல், பிளாக் பூல் எல்லாமே காசு வைத்து ஆடியவை. தப்பினால் கட்ட வேண்டும், போட்டால் வாங்கிக்கொள்ளலாம். அந்த ஆட்டங்களோடு வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பிறந்ததுதான் ஸ்னூக்கர். அதன் விதிகள் எழுத்தில் தொங்கியது ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்.

என் மகன் தினமும் ஸ்னூக்கர் பார்லருக்குப் போகிறான். பயமாக இருக்கிறது. தடுக்கலாமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

வேண்டாம் அம்மா. கோலும் பந்தும் கண்ணுக்கும் கைக்கும் பொறுமைக்கும் நல்ல பயிற்சி. ஒரு மாலை நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். மேசை வாடகைக்கு மேல் காசு புரள்கிறதா, தோற்றவர்தான் வாடகை கட்ட வேண்டும் என்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த வாடகையில்தான் தொடங்கும். அவனிடமே நேராகக் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள்.

அப்படியே அவன் கைபேசியில் பணம் கட்டி ஆடும் செயலி எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது. சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும், நீங்கள் அந்தக் கைபேசியை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.